எஸ்தா ஏன் பேசுவதில்லை?

(கள்ளக்குறிச்சியில் நடந்த ஆசிரியர் வாசிப்புக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சனிக்கிழமை விடுமுறையை விட்டுக்கொடுத்து வந்திருக்கிறீர்கள். சங்கராபுரத்திலிருந்தும் சின்னசேலத்திலிருந்தும் வந்தவர்கள் ஒரே பேருந்தில் வந்து இறங்கியிருப்பீர்கள். வெள்ளிமலைப் பக்கமிருந்து வந்த நாங்கள் விடியுமுன் கிளம்பி, கச்சிராயபாளையம் வந்து சேர்ந்தபோதே பாதி நாள் வேலை செய்த களைப்பு. ஆகவே நேரத்தை வீணாக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, சமயக் கட்டுப்பாடு மிகுந்த சமூகங்களுக்குள் பிள்ளைகளுக்கு நேரும் கொடுமைகளைக் கதைகள் எப்படிச் சொல்கின்றன என்பது. இந்தத் தலைப்பைக் கேட்டவுடன் எங்கள் பக்கத்துத் தலைமையாசிரியர் ஒருவர், "இதெல்லாம் வெளிநாட்டு சமாசாரம் டீச்சர், நம்ம பிள்ளைங்களுக்கு இதுல என்ன இருக்கு?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதனால் வெளிநாட்டிலிருந்து தொடங்காமல், நாம் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் ஒரு விண்ணப்பத்திலிருந்து தொடங்குகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறதே, புதுமைப்பெண் திட்டம். 2022 செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கிய அந்தத் திட்டத்தின் முழுப்பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்று எழுதிக் கொடுக்கிறோம். அந்த அம்மையார் யார் என்று எத்தனை பிள்ளைகள் நம்மைக் கேட்டிருக்கிறார்கள்? கேட்டால் சமூக சீர்திருத்தவாதி என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோம். அவர் நாவலாசிரியர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1883இல் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே தேவதாசி ஒருவரிடம் விடப்பட்டு அந்த வீட்டில் வளர்ந்தவர். கோயிலின் பெயரால், சாமியின் பெயரால், பெண் குழந்தைக்குப் பொட்டுக்கட்டி, அவளுடைய உடம்பைப் பணக்காரர்களுக்கு உரியதாக்கும் வழக்கத்தை உள்ளிருந்து பார்த்தவர். அதிலிருந்து வெளியே வந்து, காங்கிரஸிலும் பிறகு சுயமரியாதை இயக்கத்திலும் வேலை செய்து, 1936இல் ஒரு நாவல் எழுதினார். பெயர் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'.

கலை அழகு தேடிப் படித்தால் ஏமாந்துபோவீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கம் பக்கமாகப் பிரசங்கம் உண்டு. பாத்திரங்கள் மேடையில் நின்று பேசுவதுபோலப் பேசும். தமிழாசிரியையாகிய எனக்கே சில இடங்களில் பக்கத்தைத் தள்ளலாமா என்று தோன்றியது. ஆனால் ஒரு காரியத்தை அந்த நாவல் செய்கிறது, பின்னால் வந்த பெரிய எழுத்தாளர்கள் பலர் செய்யாததை. ஒரு பெண்பிள்ளை எப்படிப் பழக்கப்படுத்தப்படுகிறாள் என்பதைத் தொழில் விவரம்போலக் காட்டுகிறது. யார் சொல்லிக் கொடுப்பது? பெற்ற தாய். எதைச் சொல்லிக் கொடுப்பது? வருகிறவனிடம் எப்படிப் பேசுவது, எப்போது அழுவது, எப்போது கோபித்துக்கொள்வது, எப்படிப் பணம் கறப்பது. அந்தப் பெண்ணுக்கு அது பாடத்திட்டம். நாம் எண்ணும் எழுத்தும் சொல்லித் தருகிறோமே, அதுமாதிரி. அடியும் உதையும் அதிகம் இல்லை. தாய் கெட்டவள் என்றும் சொல்லிவிட முடியாது. அவளுக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். இதுதான் கடவுள் விதித்தது, இதுதான் நம் குலம் என்ற சொல் மேலே போர்த்தியிருக்கிறது. போர்த்தியிருப்பதை விலக்க ஒரு கைக்கும் துணிவில்லை.

முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னை சட்ட மேலவையில் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். சட்டம் முழுமையாக வந்தது 1947இல். இடையில் இருபது ஆண்டுகள். அந்த இருபது ஆண்டுகளில் சபையில் எழுந்த வாதங்களைப் படித்துப் பாருங்கள். மதம் என்ன ஆகும், கலை என்ன ஆகும், பண்பாடு என்ன ஆகும் என்று பெரியவர்கள் கவலைப்பட்டார்கள். எட்டு வயதுப் பெண் என்ன ஆவாள் என்று கேட்டவர்கள் குறைவு. நாவல் அந்தக் கேள்வியைக் கேட்டது. அதனால்தான் எழுத்து சுமாராக இருந்தாலும் அந்தப் புத்தகத்தை நான் மேலே வைக்கிறேன்.

ஆக, இது வெளிநாட்டு சமாசாரம் இல்லை.

ஒரு விளக்கம் சொல்லிவிட்டு மேலே போகிறேன். இங்கே எந்த மதத்தையும் நான் குறை சொல்ல வரவில்லை. நான் சொல்லப்போகும் கதைகளில் இந்துக் குடும்பம் உண்டு, கிறித்தவக் குடும்பம் உண்டு, இஸ்லாமியக் குடும்பம் உண்டு. அந்தந்தச் சமூகத்துக்குள்ளிருந்து எழுதப்பட்டவையும் இதில் உண்டு. சாமி கும்பிடுவதால் ஒரு சமூகம் மூடிக்கொள்வதில்லை. சோறும், கல்யாணமும், சாவுக்கு வரும் நாலு பேரும் அந்த ஒரு வட்டத்துக்குள்ளிருந்தே வந்தாக வேண்டும் என்ற நிலை இருந்தால் அது மூடிக்கொள்ளும். வட்டத்தைப் பகைத்துக்கொண்டால் எங்கே போவது?

இது மலையில் வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லாமலே புரியும். கல்வராயன்மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. நாட்டுக்கு 1947இல் விடுதலை வந்தது; மலையில் ஜாகீர் ஆட்சி முடிந்தது 1976இல். எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் தாத்தாக்கள் அந்தக் காலத்தில் வேலை செய்தவர்கள். வெளியே ஒரு சட்டம், ஒரு அலுவலகம் இருக்கிறது, அங்கே போய்ச் சொல்லலாம் என்பதே ஒரு தலைமுறைக்குப் பழக்கமில்லாத விஷயம். ஊருக்குள் பேசித் தீர்த்துக்கொள்வதே வழி. நல்ல வழிதான், நிலத் தகராறுக்கு. ஒரு பிள்ளையின் உடம்பு விஷயத்தில் அது நல்ல வழியா என்பதுதான் கேள்வி.

இப்போது எஸ்தாவுக்கு வருகிறேன்.

அருந்ததி ராயின் நாவல் 1997இல் புக்கர் பரிசு பெற்றது. 'சின்ன விஷயங்களின் கடவுள்' என்று தமிழிலும் கிடைக்கிறது. கேரளத்து அய்மனம் ஊரில் ஒரு சிரியன் கிறித்தவக் குடும்பம். பழைய பெருமை, ஊறுகாய்த் தொழிற்சாலை, மரியாதை. அந்த வீட்டு இரட்டைப் பிள்ளைகள் எஸ்தாவும் ராகேலும், ஏழு வயது. கொச்சியில் ஒரு திரையரங்குக்குப் படம் பார்க்கப் போகிறார்கள். எஸ்தா படத்தோடு சேர்ந்து பாடுகிறான். பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொந்தரவு என்று வெளியே போய்ப் பாடச் சொல்கிறார்கள். வெளியே குளிர்பானம் விற்கும் ஆள் இருக்கிறான். இலவசமாகக் குடிக்கக் கொடுக்கிறான். அதன் பேரில் அவன் அந்தப் பிள்ளையிடம் நடந்துகொள்வதை நான் இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

நான் நெடுநேரம் யோசித்தது அதற்கு அடுத்துவரும் பக்கங்களைத்தான். எஸ்தாவுக்குக் குமட்டுகிறது. தாய் அம்மு வந்து விசாரிக்கிறாள். அவளிடமும் அந்த ஆள் நல்லவனாகப் பேசுகிறான். பிள்ளையிடம் எவ்வளவு அன்பாக நடந்துகொண்டான் அந்த மனிதன் என்று அம்மு அவனைப் பாராட்டிப் பேசுகிறாள், எஸ்தாவின் காதுபட. அந்த நொடியில் எஸ்தாவுக்குச் சொல்லும் வழி அடைபட்டுவிடுகிறது. இனிமேல் அவன் வாயைத் திறந்தால் அம்மா நல்லவன் என்று சொன்ன ஒருவனைக் கெட்டவன் என்று சொல்ல வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது முடியாது. போதாததற்கு அந்த ஆளுக்கு அவர்கள் வீடு எங்கே, தொழிற்சாலை எங்கே என்று தெரிந்துவிட்டது. வந்துவிடுவானோ என்று பிள்ளை நாள்தோறும் பயப்படுகிறான். கதையில் அவன் ஆற்றங்கரைப் பக்கம் போவதும், அதன் பின் நடக்கும் அத்தனை விபரீதமும் இந்தப் பயத்தோடு பின்னிக்கிடக்கிறது.

நாமும் அம்முவைப்போலப் பேசுவதுண்டு, இல்லையா? "அந்த மாமா உன்மேல எவ்ளோ பிரியமா இருக்காரு பாரு, வணக்கம் சொல்லு." பூசாரியிடமும் பாதிரியாரிடமும் ஹஜ்ரத்திடமும் பிள்ளையைத் தள்ளிவிட்டு, காலைத் தொட்டுக் கும்பிடு, முத்தம் கொடு, மடியில் உட்கார் என்று சொல்வதுண்டு. வாத்தியாரிடமும் தள்ளிவிடுவதுண்டு. பெரும்பாலானவர்கள் நல்லவர்களே. பிள்ளை விலகி நின்றால் அதை மரியாதைக் குறைவு என்று நாம் கணக்கில் எழுதுவதுதான் சிக்கல்.

எஸ்தா ஆண்பிள்ளை என்பதையும் கவனியுங்கள். மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் பேசினார்கள். ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53.22 சதவீதம். அவர்களில் பாதிக்கு மேல் ஆண்பிள்ளைகள். தொல்லை கொடுத்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். நம் பயிற்சிகளில் பெண்பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்துப் பேசிவிட்டு, பையன்களை விளையாட அனுப்பிவிடுகிறோம்.

எஸ்தாவுக்கு இரண்டாவது கொடுமை ஒன்று நடக்கிறது. அதுதான் நம் தலைப்புக்கு நேராக வருவது. குடும்ப மானத்தைக் காப்பாற்ற, பேபி கொச்சம்மா என்ற பெரியவள், குற்றமற்ற ஒருவனுக்கு எதிராகக் காவல் நிலையத்தில் அந்தப் பிள்ளையை ஒற்றைச் சொல் சொல்ல வைக்கிறாள். ஆமாம் என்று. அவன் சொல்கிறான். உன் அம்மாவைக் காப்பாற்ற இதுதான் வழி என்று சொல்லித்தான் சொல்ல வைத்தார்கள். அந்தச் சொல்லுக்குப் பிறகு எஸ்தா கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சை நிறுத்திவிடுகிறான். ஒரே நாளில் நின்றுபோகவில்லை. இன்ன தேதியிலிருந்து பேசவில்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வீட்டில் இடத்தை அடைக்காத பொருளைப்போல ஆகிவிடுகிறான்.

வகுப்பறையில் இருபது ஆண்டு நின்றவர்களுக்கு இந்த இடம் தெரியும். சத்தம் போடும் பிள்ளையை நாம் கவனிக்கிறோம். வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை மெல்ல மெல்ல உதட்டை மட்டும் அசைக்கத் தொடங்கினால், அமைதியான பிள்ளை என்று மதிப்பெண் அட்டையில் பாராட்டி எழுதுகிறோம். பி.எட். படிக்கும்போது கல்வி உளவியல் தாளில் பின்தங்கிய மாணவர், மீத்திறன் மாணவர் என்று எல்லாம் படித்தோம். அடங்கிப்போன பிள்ளையைப் பற்றி ஒரு பத்தி படித்ததாக எனக்கு நினைவில்லை. அந்தப் பத்தியை எனக்கு எழுதிக் கொடுத்தது இந்த நாவல்.

நம் ஜெயகாந்தனை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. 'அக்கினிப் பிரவேசம்' கதை எல்லோருக்கும் தெரியும். மழை, பேருந்து நிறுத்தம், கார், அதன்பின் அந்தப் பெண் வீட்டுக்கு வந்து அழுவது. ஆசாரமான வீடு. தாய் அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய், யாரிடமும் சொல்லாதே என்கிறாள். ஆனந்த விகடனில் வந்தபோது பெரிய எதிர்ப்பு. கெட்டுப்போன பெண்ணை எப்படி ஏற்கலாம் என்று வாசகர்கள் கொதித்தார்கள். அதற்குப் பதிலாக ஜெயகாந்தன் எழுதியது 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். அதில் தாய் அடக்கிக்கொள்ளாமல் கத்திவிடுகிறாள். தெருவுக்குத் தெரிந்துவிடுகிறது. அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். கங்காவின் வாழ்க்கை அந்த ஒரு மாலையிலேயே நின்றுவிடுகிறது. பிறகு ஒரு பத்திரிகையில் 'அக்கினிப் பிரவேசம்' என்ற கதையையே கங்கா படிக்கிறாள். தனக்குக் கிடைக்காத தாயைக் கதையில் பார்க்கிறாள்.

நாம் எல்லோரும் அந்தக் காரில் வந்தவனைப் பற்றியே பேசுகிறோம். எனக்கு அந்த நாவலில் அதைவிடப் பயமூட்டும் ஆள் வெங்கு மாமா. படித்தவர், வக்கீல், சாஸ்திரம் பேசுகிறவர். வீட்டார் கைவிட்ட பெண்ணைக் கூட்டிக்கொண்டுபோய்ப் படிக்கவைத்தவர். ஊர் அவரைப் புண்ணியவான் என்கிறது. அந்தப் புண்ணியத்தின் மறைவில் அவர் கை அவள்மேல் படுகிறது. உனக்கு இனி மனைவி என்ற இடம் கிடையாது, வைப்பாக வேண்டுமானால் இருக்கலாம் என்று சாஸ்திரத்தைக் காட்டியே சொல்கிறார். ஏற்கெனவே அடிபட்ட பிள்ளையைத் தேடிவருகிறவர்கள் உண்டு என்பதை, கெட்டுப்போனவள் என்ற பட்டமே அடுத்தவனுக்கு அனுமதிச் சீட்டாகிவிடுகிறது என்பதை, ஜெயகாந்தன் அளவுக்கு யாரும் தமிழில் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

இங்கே உங்களிடம் ஒரு விவாதம் இருக்கும். தாய் மறைத்தது சரியா? 'யாரிடமும் சொல்லாதே' என்பது இன்றைய சட்டப்படி சரியா? போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடப்பில் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நேர்ந்தது தெரியவந்தால் காவல் துறைக்குச் சொல்வது கட்டாயம். தெரிந்தும் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம். நிறுவனத்தின் பொறுப்பாளர் தனக்குக் கீழே உள்ளவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை. இன்னொரு பிரிவில், குற்றவாளி கல்வி நிறுவனத்தையோ சமய நிறுவனத்தையோ சேர்ந்தவராக இருந்தால் குற்றம் கூடுதல் கடுமையானதாகக் கொள்ளப்படுகிறது. பள்ளியையும் கோயிலையும் சட்டம் ஒரே வரியில் வைத்திருக்கிறது. நம்பி ஒப்படைக்கும் இடம் இரண்டும்.

அப்படியானால் ஜெயகாந்தனின் தாய் குற்றவாளியா? நான் அப்படி நினைக்கவில்லை. கதையையும் நாவலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர் காட்டும் வித்தியாசம் தெரியும். தெருவுக்குச் சொல்வது வேறு. உரிய இடத்தில் சொல்வது வேறு. கங்காவை அழித்தது தெருவுக்குப் போன செய்தி. அந்தக் காலத்தில் தாய்க்குத் தெருவும் மௌனமும் தவிர மூன்றாவது இடம் இல்லை. இன்று இருக்கிறது. அந்த இடத்தில் பிள்ளையின் பெயரை வெளியிடக் கூடாது. காவலர் சீருடையில் வரக் கூடாது. இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பிள்ளை விரும்பும் இடத்தில், கூடுமானவரை பெண் அதிகாரி வாக்குமூலம் வாங்க வேண்டும். எஸ்தாவை அன்று காவல் நிலையத்தில் நிறுத்தி வைத்த காட்சியை இந்த விதிகளோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு விதியும் எதற்காக எழுதப்பட்டது என்று புரியும். நம்மிடையே சிலர், "சொன்னா பிள்ளை பேரு கெட்டுடும்" என்று தயங்குகிறார்கள். ஆசிரியர் அறையில் நாலு பேரிடம் கிசுகிசுத்தால் பேர் கெடும். 1098க்குச் சொன்னால் கெடாது.

நம் பக்கத்து மண்ணிலிருந்து ஒன்று. இமையம் நம்மைப்போல அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தவர், கடலூர் மாவட்டத்துக்காரர். 1994இல் வந்த 'கோவேறு கழுதைகள்' நாவலின் பேச்சு நம் ஊர்ப் பேச்சு. துணி வெளுக்கும் ஆரோக்கியத்தின் குடும்பம் கிறித்தவக் குடும்பம். அவள் மகள் மேரியை, அவர்கள் சோறு எடுத்துச் சாப்பிடும் தெருவைச் சேர்ந்த ஒருவன் கெடுத்துவிடுகிறான். நியாயம் கேட்கப் போக முடியவில்லை. ராத்திரிச் சோறு அந்தத் தெருவிலிருந்து வர வேண்டும். ஆரோக்கியத்துக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு, அந்தோணியார்மேல் பாசம் உண்டு. கடவுள் அவளுக்கு அழ இடம் கொடுக்கிறார். கேட்க இடம் ஊரில் இல்லை. சிறிய பகுதிதான் அது, ஆனால் வட்டம் என்று முன்பு சொன்னேனே, அது சோற்றில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

பாமாவின் 'கருக்கு' நாவல் என்பதைவிடத் தன்வரலாறு எனலாம், 1992இல் வந்தது. பள்ளிக்கூடத்தில் தேங்காய் திருடியதாக அந்தச் சிறுமிமேல் பழி. சபையில் நிறுத்தி வைத்து அவமானப்படுத்துகிறார்கள். பாதிரியாரிடம் போய்க் கடிதம் வாங்கி வரச் சொல்கிறார்கள். அவரும், சேரிப் பிள்ளைதானே, செய்திருப்பாய் என்கிறார். உடம்பைத் தொடாத கொடுமை இது. ஆனால் சாமிக்குப் பக்கத்தில் இருப்பவரே நம்பவில்லை என்றால் சாமியும் நம்பவில்லை என்றுதான் பிள்ளைக்குத் தோன்றும். சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) இன்னொரு விதம். வயதுக்கு வந்ததும் பள்ளி நின்றுபோகிற இஸ்லாமியச் சிறுமிகளின் உலகம். அதில் தனியாக ஒரு வில்லனைத் தேடினால் கிடைக்கமாட்டான். அன்பான அம்மாக்களும் சித்திகளுமே கதவைச் சாத்துகிறார்கள். எங்கள் மலையில் ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து 'வ' விழாமல் போகும் பெண்பிள்ளையின் வீட்டுக்குப் போனால், அங்கேயும் யாரும் கொடுமைக்காரராகத் தெரிய மாட்டார்கள். காபி கொடுத்து உட்காரவைத்து, "மாப்பிள்ளை நல்ல இடம் டீச்சர்" என்பார்கள். மதம் வேறு, கதவு ஒன்றுதான்.

வெளிநாட்டுக் கதைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

பொலிவியா நாட்டில் மெனோனைட் என்ற கிறித்தவப் பிரிவினரின் குடியிருப்பு ஒன்று. மின்சாரம், வெளியுலகம் எதுவும் வேண்டாம் என்று ஒதுங்கி வாழ்கிறவர்கள். 2005 முதல் 2009 வரை அங்கே பெண்களும் சிறுமிகளும் காலையில் எழுந்தால் உடம்பெல்லாம் காயம், வலி. பேய் செய்தது, பாவத்துக்குத் தண்டனை, உங்கள் கற்பனை என்று பெரியவர்கள் சொன்னார்கள். கால்நடைக்குக் கொடுக்கும் மயக்க மருந்தை வீட்டுக்குள் தெளித்துவிட்டு அந்தக் குடியிருப்பின் ஆண்களே செய்தது என்று பிறகு தெரிந்தது. நீதிமன்றம் தண்டித்தது. இதை வைத்து, தானும் மெனோனைட் ஊரில் பிறந்த மிரியம் டோஸ் 2018இல் எழுதிய நாவலின் பெயருக்குப் 'பெண்கள் பேசுகிறார்கள்' என்று பொருள். 2022இல் படமாகவும் வந்தது. கொடுமைக் காட்சிகளை அவர் எழுதவில்லை. ஒரு வைக்கோல் பரணில் பெண்கள் உட்கார்ந்து, மன்னிப்பதா, எதிர்ப்பதா, ஊரைவிட்டுப் போவதா என்று இரண்டு நாள் விவாதிக்கிறார்கள். மன்னிக்காவிட்டால் சொர்க்கம் கிடையாது என்று ஊர்த் தலைவர் சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே கூட்டக் குறிப்பை எழுத ஓர் ஆணைக் கூப்பிடுகிறார்கள். யாரைத் தெரியுமா? அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியாரை. நாவல் முழுதும் அவர் எழுதிய தீர்மானப் பதிவேடுதான். அவர் யோசனை சொல்வதில்லை, தலைமை தாங்குவதில்லை; சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், பேசாததைப் பேசியதாக நாம் எழுதும் பதிவேடுகள் என் நினைவுக்கு வந்தன. சிரிக்காதீர்கள்.

மற்றொன்று அயர்லாந்து. கன்னியர் மடங்கள் நடத்திய சலவைக்கூடங்களில் இளம்பெண்களை அடைத்து வேலை வாங்கினார்கள். கடைசிச் சலவைக்கூடம் மூடப்பட்டது 1996இல். அரசு மன்னிப்புக் கேட்டது 2013இல். கிளேர் கீகன் 2021இல் எழுதிய சிறிய நாவலில், கரி வியாபாரி ஒருவர் மடத்துக்குக் கரி கொண்டுபோனபோது கரிக்கொட்டகையில் அடைபட்டுக் கிடக்கும் பெண்ணைப் பார்க்கிறார். அவருக்கு ஐந்து பெண்பிள்ளைகள். அந்த ஊரில் நல்ல பள்ளிக்கூடமும் அதே கன்னியர்கள் கையில். வாயைத் திறந்தால் தன் பிள்ளைகளின் படிப்பு போகும். ஊர் முழுவதற்கும் தெரியும், யாரும் பேசவில்லை. அந்தச் சிறிய நாவல் இந்தக் கணக்கை ஒரு நல்ல மனிதன் மனசுக்குள் போட்டுப் பார்ப்பதுதான்.

அந்தக் கணக்கு நாமும் போடுவதுதான். ஒரு பள்ளியில், எந்தப் பள்ளி என்பது வேண்டாம், பிள்ளை ஒன்று சத்துணவுச் சமையல் அம்மாவிடம் ஒரு விஷயத்தைச் சொன்னது. ஆசிரியரிடம் சொல்லவில்லை, கவனியுங்கள். சோறு போடுகிறவரிடம் சொன்னது. அந்த அம்மா எங்களிடம் வந்தார். விஷயம் ஊர்க் கோயில் காரியங்களில் முன் நிற்கும் ஒருவரைப் பற்றியது. அன்று சாயங்காலமே நாலு பெரியவர்கள் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். குரலை உயர்த்தவில்லை. "திருவிழா முடியட்டும் டீச்சரம்மா. காப்புக் கட்டியாச்சு. இப்ப ஒண்ணுன்னா சாமி குத்தமாயிடும்" என்றார்கள். திருவிழாவுக்குப் பதினொரு நாள் இருந்தது. தலைமையாசிரியர் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, அவர்கள் முன்னாலேயே தொலைபேசியை எடுத்தார். அடுத்த வாரம் பதினாலு பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. ஒரு மாதம் எங்களுக்குக் கடையில் பால் கிடைக்கவில்லை. பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். அந்தப் பிள்ளை இப்போது வேறு ஊரில் படிக்கிறது. அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

சமையல் அம்மாவிடம் சொன்னது என்றேன். 'மாணவர் மனசு' பெட்டி வைத்திருக்கிறோம். நல்ல ஏற்பாடு. ஆனால் முப்பது பிள்ளைகள் படிக்கும் மலைப்பள்ளியில் கையெழுத்தைப் பார்த்தவுடன் யாருடையது என்று தெரிந்துவிடும். பிள்ளைக்கும் அது தெரியும். அதனால் பெட்டியை மட்டும் நம்ப முடியாது. 14417 எண்ணும் 1098 எண்ணும் சுவரில் இருக்கட்டும், கூடவே சமையலர், துப்புரவுப் பணியாளர், விடுதிக் காப்பாளர் எல்லோருக்கும் இதைப் பற்றிச் சொல்லிவைக்க வேண்டும். பிள்ளை யாரைத் தேர்ந்தெடுக்கும் என்று நாம் முடிவு செய்ய முடியாது. சொல்லும்போது குறுக்கே கேள்வி கேட்டுத் துருவ வேண்டாம். ஏன் முன்னாடியே சொல்லலை என்று கேட்கவே வேண்டாம். மிரியம் டோஸின் வாத்தியார் செய்ததுதான்: சொன்னதைச் சொன்ன சொல்லிலேயே எழுதி வைப்பது. வழக்குக்கும் அதுதான் உதவும்.

கடைசியாக, இந்தப் புத்தகங்களை என்ன செய்வது என்று இடைவேளையில் சிலர் கேட்டீர்கள். மாணவர் நூலகத்தில் இவற்றை வைக்கச் சொல்ல மாட்டேன். எஸ்தாவின் கதையை அதே அனுபவம் உள்ள பிள்ளை தனியாக உட்கார்ந்து படித்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாது. மேல்நிலை வகுப்பில் 'கருக்கு' பற்றிப் பேசலாம். கூடவே ஆசிரியர் இருக்க வேண்டும். மற்றவை ஆசிரியர் அறை அலமாரிக்கு. இராமாமிர்தம் அம்மையாரின் வாழ்க்கையை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், புதுமைப்பெண் விண்ணப்பம் நிரப்பும் அன்றே. அவருடைய நாவலை வெள்ளிமலைக்கு ஒரு பிரதி கொண்டுபோகிறேன். அடுத்த கூட்டத்துக்குள் வேண்டுபவர்கள் இப்போதே பெயர் கொடுங்கள். இருப்பது ஒன்றுதான், வரிசையாகத்தான் தர முடியும்.